ஆரஞ்சு மூடி

புறா வளர்க்கும் முனிரத்தினம் வந்தால்
ஊசி கழற்றிய அஞ்சு எம்எல்,
குஞ்சின் தொண்டைக்குக் கடலைமாவுக் கரைசல்.
ஜெராக்ஸ் கடைக்கு மை ஏற்றப் பத்து.
விசைப்படகு மெக்கானிக் கேட்பது ஐம்பது;
எதற்கென்று நான் கேட்டதில்லை,
அவர் விரலெல்லாம் கிரீஸ்.
பெரியது கேட்டால் பெரியது, சின்னது கேட்டால் சின்னது.
தண்டையார்பேட்டையில் பதினோரு வருடம்
இந்த மேசைக்குப் பின்னால்
கண்ணால் அளந்தே கொடுத்திருக்கிறேன்.

இன்சுலின் சிரிஞ்சு அப்படியில்லை.
இரண்டுக்கும் ஒரே உடம்பு, கொள்வது ஒரு எம்எல்.
சிவப்பு மூடி அதை நாற்பதாய்க் கூறுபோடும்,
ஆரஞ்சு மூடி நூறாய்.
காசிமேட்டில் ஒரே வஞ்சிரத்தை
எப்படியும் வெட்டலாம்.
இருபது துண்டு வாங்கினேன் என்றால்
எவ்வளவு மீன், யாருக்குத் தெரியும்?

எத்திராஜுலு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்.
துறைமுக வாசலுக்கு வரிசை நகர
சில நாள் பத்து மணி நேரம்.
கேபினில் ஈரத்துணி சுற்றிய ஃபிளாஸ்க்,
அதற்குள் நாற்பது என்று அச்சிட்ட குப்பி.
காலையில் இருபது. ராத்திரி பன்னிரண்டு.
"இன்னாமா இது, எறங்கவே மாட்டேங்குது"
லேப் சீட்டை நீட்டினார். முந்நூற்றுப் பதினாலு.
டீயில் சர்க்கரையை விட்டாராம்,
பிறகு டீயையே விட்டாராம்,
சோறு கைப்பிடி அளவுதானாம்.
வீட்டில் நம்பவில்லை:
"வழியில இன்னா துன்றியோ, எனக்கா தெரியும்."
இரண்டு நாளாய்ப் பேச்சில்லை.

போடுகிற ஊசியைக் காட்டுங்கள் என்றேன்.
சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.
ஆரஞ்சு.

அதில் இருபதாம் கோடு என்பது
கால் எம்எல்கூட இல்லை.
அந்தக் குப்பி மருந்துக்கு அது எட்டு.
பதினெட்டு நாளாய் எட்டு.
கை நடுங்காமல், கோடு பிசகாமல்,
குமிழியைச் சுண்டிச் சுண்டி வெளியேற்றி
மிகச் சரியாகப் போட்டிருக்கிறார், எட்டு.

"எந்தக் கடைக்காரன் குடுத்தான்?"
பக்கத்தில் நின்றவர் கொதித்தார்.
நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
கரண்ட் போன சாயங்காலம் அது.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
எல்லா மூடிக்கும் ஒரே நிறம்.
கையெழுத்தில் ஹ-வின் வால் நீண்டிருந்தது.
இந்தக் கடையில் ஹசீனா நான் ஒருத்திதான்.

மாறி நடந்திருந்தால்?
குப்பி நூறும் மூடி சிவப்புமாய்?
இருபதென்று இழுத்தது ஐம்பதாகி
எண்ணூர் சாலையில் ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்திருக்கும்.
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்திருக்கும்,
தூங்குகிறான் என்று.

"நான்தாண்ணே குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார்.
"அப்போ நான் ஒண்ணும் துன்னல."
"துன்னல."
"அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."
போலீஸா, டாக்டரா என்று எனக்கு வயிறு கலங்கியது.
"வூட்ல காட்டணும்."

பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
டாக்டருக்கு போன் போட்டு
இன்றைய அளவைக் கேட்டு அதையும் எழுதினேன்.
சிவப்பு மூடிப் பாக்கெட்டை வாங்கியவர்
வாசலுக்கு எடுத்துப் போய்
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கடைக்குள் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.