கழுவக் கூடாத பத்து நிமிடம்

நுரை போட்டபின் பத்து நிமிடம் கழுவக் கூடாது
என்றார் மருத்துவர் கேத்தோ,
ஊதா பாட்டிலை மேசையில் என் பக்கம் நகர்த்தி.
வாரத்துக்கு இரண்டு முறை. ஆறு வாரம்.
முதல் நிமிடத்திலேயே கழுவிவிட்டுப்
பலனில்லை என்று திரும்பி வருகிறவர்கள்தான் அதிகமாம்.
விலையைக் கேட்டேன்.
மினிபஸ்ஸில் எனக்கு அரைநாள் ஓட்டம்.

நாய் என்னுடையதில்லை.
காதில் மஞ்சள் வில்லை, நகராட்சி மாட்டியது.
திபிலிசியில், க்ல்தானியில், எங்கள் ஒன்பது மாடிக்கும் பொது,
அதாவது யாருக்கும் சொந்தமில்லை.
போம்போரா என்றால் திரும்பிப் பார்க்கும்,
வேறு எப்படிக் கூப்பிட்டாலும் பார்க்கும்.
வயிற்றில் மயிர் கொட்டி, யானைத்தோலாய்த் தடித்துக் கறுத்து,
விரலிடுக்கை நக்கி நக்கிச் சிவந்து,
கெட்ட வெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாடை.

லிஃப்டில் ஏற்றினேன்.
காசு போட்டால்தான் நகரும் லிஃப்ட்.
இரண்டாம் மாடியில் த்சியாலா ஏறினாள்,
ஏறியதும் மூக்கைப் பொத்தினாள்.
மூன்று வருடமாய் எங்களுக்குள் பேச்சில்லை,
என் வண்டி பின்னால் நகர்ந்து
அவள் வளர்த்த திராட்சைக் கொடியை
வேரோடு சாய்த்த நாளிலிருந்து.

எங்கே கொண்டு போகிறாய் இதை?
குளிப்பாட்ட.
உன் வீட்டில் வெந்நீர் வருமா?

வராது. கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம்.
ஏழாம் மாடியில் அவளே கதவைத் திறந்து பிடித்தாள்,
நாய்க்காகத்தான், என்பதுபோல் என்னைப் பார்க்காமல்.

வெதுவெதுப்பாய் நனைத்து
அடிவயிறு, அக்குள், வாலின் கீழ்
என்று மெல்லத் தேய்த்தோம்.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத்
தொட்டி விளிம்பில் முறுக்கி வைத்தாள்.

முதல் நிமிடம் நாய் உதறியதில் போயிற்று.
அவள் புருவத்தில் நுரை. சொல்லலாமா என்று யோசித்தேன்.
பிறகு கொஞ்ச நேரம் குழாய் சொட்டியது, அவ்வளவுதான்.
நக்கப் பார்த்த மூக்கை இருவரும் மாறிமாறித் தள்ளினோம்.

நகராட்சிக்குப் போன் போட்டது நான்தான், நுக்ஸார்,
பிடித்துக்கொண்டு போங்கள் என்று,
என்றாள். நாயின் கழுத்தை விடாமல் பிடித்தபடி.

நுரை காப்பி நிறமாய் வழிந்தது.
எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.
அன்றைக்கு பிரேக் பிடித்திருக்கலாம், என்றேன்.
கொடி கண்ணாடியில் தெரிந்தது.
பிடிக்கவில்லை.

கடிகாரம் கிணுகிணுத்தது.
எழுந்திருக்க நினைத்தேன்.
இன்னும் இரண்டு நிமிடம் ஊறட்டும் என்றாள்,
நாயிடம்.

அடுத்த வாரம் தண்ணீர் வரவில்லை.
அதற்கடுத்த வாரம் அவளிடம் பழைய போர்வை தயாராய் இருந்தது,
பேச்சு இல்லை. மழை, பஸ் கட்டணம்,
போலந்திலிருக்கும் மகன் போன் செய்யாதது.
ஒருநாள் பாட்டிலைப் பார்த்ததுமே நாய்
கட்டிலுக்கடியில் போய்க் கிடந்தது.
அன்றைக்குப் பத்து நிமிடத்தில் ஏழு
அதை இழுப்பதிலேயே கழிந்தது.

ஆறாம் வாரம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கடைசி நுரை எடுத்தோம்.
வயிற்றில் மயிர் வந்திருக்கிறது.
பழைய பழுப்பில் இல்லை, வெளுப்பாக.
த்சியாலா குனிந்து பார்த்து
இது வேறு நாய் என்கிறாள்.
வேறு நாய் அவளுடைய ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு
படிகளில் ஓடுகிறது,
காசு கேட்காத படிகள்,
ஈரக் கால் தடம் ஒவ்வொன்றிலும்.