எட்டுக் கனடா மாப்பிள்ளைகள்

சீட்டு விழுந்தது சித்திரையில்.
கழிவு போக நாற்பத்தெட்டாயிரம்.
உறையைக் கமராப் பைக்குள் வைத்தேன்,
அந்தப் பைக்குள் அன்றைக்குப் பெறுமதியானது அதுதான்.

பம்பலப்பிட்டி, இரண்டாம் மாடி, நஸ்மீரின் கடை.
கண்ணாடிப் பெட்டியின்மேல் இரண்டை எடுத்து வைத்தார்.
ஒன்று அகலம்: பத்திலிருந்து பதினெட்டு.
மற்றது ஐம்பது; கட்டை, பிளாஸ்டிக் உடம்பு,
ஒரு உளுந்துவடையின் அளவு.

"கடலுக்கா, முகத்துக்கா?"
"ரெண்டுக்கும்."
"ரெண்டுக்கும் எண்டா ரெண்டும் வேணும் தங்கச்சி."

அகலத்தைப் பூட்டி யன்னலுக்குப் போனேன்.
காலி வீதி முழுக்க உள்ளே வந்தது:
பாணந்துறை பஸ், கதிரேசன் கோவில் கோபுரம்,
வயர்ச் சிக்கல், லொத்தர் விற்பவரின் குடை,
கட்டடங்களின் இடுக்கில் நகத்தளவு கடல்.
எல்லாம் வந்தது.
எதுவும் கிட்ட வரவில்லை.
"எழுபத்திரண்டு. உங்களுக்கு அறுபத்தெட்டு" என்றார்,
உறையின் தடிப்பைப் பார்த்தும் பாராமல்.

ஐம்பதுக்குள் டோர்ச் அடித்தேன்.
ஓரத்தில் நரைமயிர் போல ஒரு பூஞ்சணம்.
"கடக்காத்து. இந்த ஊர்ல கண்ணாடிக்கும் சளி பிடிக்கும்."
முப்பத்தெட்டு கேட்டார், முப்பத்தொன்று சொன்னேன்,
பேச்சு அங்கேயே நின்றது.
சும்மா அவரையே குறிவைத்தேன்,
ஒன்று தசம் எட்டில்.

விலை சொன்ன வாய் மங்கியது.
அலுமாரி, விலைச்சீட்டுகள், பூட்டிய லாச்சி
எல்லாம் பின்னால் கரைந்து
ஒரு கண் மட்டும் நின்றது,
அதன் கீழே தூங்காத பல இரவுகள்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அழிச்சிருங்க."
பிறகு, "இல்ல, எனக்கு அனுப்புங்க."
முப்பத்துமூன்றுக்கு முடிந்தது.

ஆசைப்பட்டது அகலத்துக்குத்தான், மறைக்கவில்லை.
ஆனால் கலியாணப் பேச்சுக்கு அனுப்பும் படத்துக்கு
ஐயாயிரம் தருகிறார்கள்,
கனடா மாப்பிள்ளை என்றால் ஏழு.
கடலை எத்தனை தரம் எடுத்தாலும்
அது ஐந்து சதம் தராது.
கடலுக்குக் கமராவோடு வந்த லென்ஸே போதும்:
பதினெட்டில் வைத்து, எட்டுக்கு மூடி,
வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு இப்பால் மதிலில்
ஒரு கிலோ சம்பாப் பையை முக்காலியாக்கி
மூச்சைப் பிடித்தால் சரி.
அலை அசையும், எங்கேயும் போகாது.
அரிசி இரவுக்கு உலையில்.

இரவு, அறை. பத்தடிக்கு எட்டு.
கட்டிலில் நிரோஜினி, தலை வாரி, பொட்டு வைத்து,
என் முதல் மொடல், சம்பளம் இல்லை.
ஐம்பது பின்னே போ என்கிறது.
போகிறேன், அரிசி வாளி.
போகிறேன், பிரிட்ஜின் கைபிடி முதுகில் குத்துகிறது.
இன்னும் அவளுடைய ஒரு தோள் வெளியே.
"வீட்டை மாத்துவமா, லென்ஸை மாத்துவமா?"
"கதவைத் திற."

நடையில், எதிர்வீட்டுச் சப்பாத்துகளை மிதித்தபடி நின்றேன்.
நிலைக்கதவுக்குள் அவள் முழுதாக வந்தாள்,
சிரிப்பை அடக்கும்போது கன்னம் மட்டும் நடுங்க.
அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்து
எதிர்வீட்டுக்காரர், கையில் பாண்:
"என்ன பிள்ளை நடக்குது?"
"வேலை, அங்கிள்."
சப்பாத்தை நேராக்கி வைத்தேன்.

மீதி பதினைந்தாயிரம்.
அகலத்துக்கு இன்னும் ஐம்பத்துமூன்று.
எட்டுக் கனடா மாப்பிள்ளைகள்,
நஸ்மீர் அதுவரை விற்காமல் இருந்தால்.