பாதியில் நிறுத்தலாம்

முகப்பில் ஐந்து படங்கள் சுழன்றுகொண்டிருந்தன.
நான்கில் மன்றத் தலைவர்.
ஒன்றில் கடற்பறவை, அதுவும் வேறு தீவினுடையது.
மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது பக்கங்கள்.
யாரும் திறக்காத பக்கங்களை எண்ணத் தொடங்கி
அறுநூறைத் தாண்டியதும்
தேநீர் போடப் போனேன்.

கூட்டத்தில் துறைக்கொரு பொத்தான் கேட்டார்கள்.
சாலைக்குப் பெரிதாக,
துறைமுகத்துக்கு அதைவிடப் பெரிதாக.
முதல் பந்தியில் இலை பிடிக்கும் அவசரம்.
ஜன்னலுக்கு வெளியே
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது
ஷெட்லாந்தின் டிசம்பர்.

தேடல் பெட்டியில் ஓராண்டாக விழுந்த சொற்களை
அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
குப்பை எப்போது
குப்ப எப்ப
படகு ஓடுமா
இன்று பள்ளி உண்டா
தொட்டி பறந்துவிட்டது
தொட்டி பறந்து ஆட்டுப் பட்டியில் கிடக்கிறது
என் தொட்டி எங்கே
(இங்கே காற்று அப்படி.
மரங்கள் இல்லாததும் அதனால்தான்.)
நடுவில், அதிகாலை மூன்று பத்துக்கு யாரோ:
யாரிடம் சொல்வது

எங்கள் தளம் அதற்கு
எண்பத்தெட்டு விடைகள் கொடுத்திருந்தது.
முதலாவது,
மயானத் துணைக்குழுவின் பழைய கூட்டக் குறிப்பு.

வியாழக்கிழமை நூலகத்தில்
கிடியன் இஸ்பிஸ்டர் வந்து உட்கார்ந்தார்.
படகில் எந்திரம் பார்த்த கை.
சோதனை உங்களுக்கல்ல, தளத்துக்கு என்றேன்.
தலையாட்டினார், நம்பவில்லை.
காணாமல்போன குப்பைத்தொட்டிக்குப் புதியது கேட்கவேண்டும்,
அதுதான் பணி.
ஒற்றை விரலால் தேடினார்.
சுற்றுச்சூழல், கழிவு மேலாண்மை, உத்தி, இணைப்பு மூன்று.
வழி தவறும் ஒவ்வொரு முறையும்
'மன்னிக்கவும்' என்றார் திரையிடம்.
ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.
பதினோரு கோடுகள்.

எழுந்து கோட்டை மாட்டியவர்
வேறொன்று இதில் கேட்கலாமா என்றார்.
அக்டோபரில் மனைவி போய்விட்டாள்.
வீட்டு வரிக் கடிதம் இன்னும் இருவர் பெயருக்கும் வருகிறது.
மறுபடி உட்கார்ந்து தட்டினார்.
கணக்கின் மற்ற உரிமையாளர்
நேரில் ஒப்புதல் தரவேண்டும் என்றது தளம்.
'வரமாட்டாளே' என்றார் அவர்.
கேலியாகச் சொன்னாரா, தெரியவில்லை.
கோடு போட மறந்துபோனேன்.

புதிய பக்கத்துக்குத் தலைப்பு:
யாராவது இறந்துவிட்டால்.
சட்டப் பிரிவு திடுக்கிட்டது.
மறைவுசார் அறிவிப்புச் சேவைகள் என்று வைக்கலாமே?
ஒன்பது வருடம் தொலைபேசி எடுத்த சுன்னிவா மவாட்
கூட்டங்களில் வாய் திறக்காதவள், சொன்னாள்:
'மறைவுசார் என்று ஒருத்தரும் என்னிடம் அழுததில்லை.'
அத்தோடு முடிந்தது அந்தப் பேச்சு.
எழுத்தின் அளவு பற்றி இன்னும் இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாற்றினோம்.
ரிப்பன் இல்லை, வெட்டும் படமும் இல்லை.
தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
படகு, பள்ளி, குப்பை மேலே.
துறைகள் எங்கோ அடியில், தேடினால் கிடைக்கும்.

இரண்டாம் வாரம் ஒரு பதிவு.
யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள்.
முதல் படி, இரண்டாம் படி.
'இந்தப் பெயரை நீக்கவா? நிச்சயமா?'
அங்கே பத்தொன்பது நிமிடம்.
பிறகு மூடியிருக்கிறார்கள்.

அவர்தானா? தெரியாது.
தெரியக்கூடாது என்றுதான் அதை அமைத்தோம்.
ஆனால் அந்த 'நிச்சயமா'வை எழுதியது நான்.
தவறுதலாக அழுத்திவிடக் கூடாதே என்று
எல்லாப் படிவத்திலும் வைப்பது,
பழக்கதோஷம்.
அதை எடுத்துவிட்டு எழுதினேன்:
பாதியில் நிறுத்தலாம்.
நீங்கள் திரும்பி வரும்வரை
எதுவும் மாறாது.

இரண்டாவது வரி சரியில்லை, எனக்கே தெரிகிறது.
வேறு வரி கிடைக்கும்வரை இருக்கட்டும்.

அன்றிரவு காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது.
விடிவதற்குள்
நாற்பத்து மூன்று தொட்டிகள்.
நாற்பத்து மூன்றும் இரண்டே சொடுக்கில் வந்து சேர்ந்தன.
நாற்பத்து நான்காவது என்னுடையது,
கடலில்.