எட்டும் எட்டும் நான்கு

லிப்ட் பழுது.
'ரோசாக்' என்று எழுதி ஒட்டிய அட்டையே
ஒரு மாதப் பழசு.
டத்தோ கெராமாட் சாலை, இரண்டாம் மாடிக் கல்யாண மண்டபம்,
முப்பத்தெட்டுப் படி.
முப்பத்தாறு கிலோவில் ஒரு பெட்டி,
இருபத்திரண்டில் இன்னொன்று.

முதுகால் தூக்காதே, சியோங் வெய்,
முட்டியை மடக்கு.
நாளை திங்கட்கிழமை.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு
அந்த முதுகோடுதான் நீ போக வேண்டும்.

மேடை என்பது பலகை,
பலகைக்கு அடியில் இரும்புக் கால்கள்,
அதில் ஒன்று குட்டை.
ஏறி நின்று குதித்தேன்.
மேசைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்:
"அக்கா, நீங்களா வாசிக்கப் போறீங்க?"
ஆமாம். அதற்குமுன் இது ஆடுகிறதா என்று
ஆடிப் பார்க்கிறேன்.
அழைப்பிதழை மடித்துச் செருகலாம் என்றான் சியோங் வெய்.
காகிதம் இரண்டாம் பாட்டிலேயே இளகிவிடும்.
லோரியில் பிளைவுட் துண்டு கிடக்கிறது, எடுத்து வா.

சக்கரங்களைக் கழற்று.
சக்கரம் உள்ள பெட்டிக்கு ஊர்சுற்றும் ஆசை.
நான்கு கண்ணுள்ளது கீழே,
இரண்டு கண்ணுள்ளது மேலே.
என் காது முழங்காலில் இல்லை,
அதனால்தான் இந்த உயரம்.
மேல்பெட்டியின் ரப்பர் கால்கள்
கீழ்ப்பெட்டியின் குழிகளில் உட்கார வேண்டும், நான்கும்.
மூன்று உட்கார்ந்து ஒன்று தொங்கினால்
அது உட்காரவில்லை,
காத்திருக்கிறது.

போன மார்ச், பட்டர்வொர்த்.
வாரைக் கட்டாமல் விட்டது நான்தான்.
ஒரு பாட்டுக்கு ஒரு விரல் அகலமாக
ஆம்ப் நடந்திருக்கிறது,
ஏழாம் பாட்டில் குணாளனின் பாதத்தில் இறங்கியது.
இப்போது கீபோர்டு பெடலை இடது காலால் மிதிக்கிறான்,
சிரித்துக்கொண்டே.
அந்தச் சிரிப்பைத்தான்
என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

அதனால் வார்.
பெட்டி, பெட்டி, ஆம்ப், மூன்றையும் சுற்றி,
கிளிக் கிளிக் என்று இறுகும்வரை.
காற்றாடி மூச்சுவிடும் பக்கத்தை மட்டும் மறைக்காதே.

கேபிள் தடித்தது, ஸ்பீக்கருக்கென்றே பிறந்தது.
கிடார் கேபிளும் தூரத்தில் அதே ஜாடைதான்,
ஆனால் இந்த வீட்டுக்கு அது ஆகாது.
ஆம்ப் அணைந்திருக்கிறதா? இன்னொருமுறை பார்.
செருகு, திருகு, டக்.

எட்டு ஓம் ஒன்று. எட்டு ஓம் இன்னொன்று.
பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் நான்கு.
கல்யாண மண்டபத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால்
யாரும் நம்புவதில்லை:
இருவர் சேர, எதிர்ப்பு பாதியாகிறது.
மண்டபத்துப் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது,
அதையும் மாட்டுங்களேன் என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.
நான்குக்குக் கீழே போனால் ஆம்புக்குக் காய்ச்சல் வரும்,
மூன்றாவது வேண்டாம் என்றேன்.
எதை நினைத்துக்கொண்டாரோ,
முகம் சிவந்து சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்.

ஒன்பதரை மணி.
பிரியாணி முடிந்து, ஆட்டம் தொடங்கி,
யாரோ ஒருவரின் மகள்,
பட்டுப்பாவாடை, ஒரு கால் செருப்பைக் காணவில்லை,
பெட்டிக்குப் பின்னால் சுவரோரம் வந்து உட்கார்ந்தாள்.
முதுகைச் சாய்த்தாள். தூங்கிவிட்டாள்.
என் தடித்த நரம்பின் ஒவ்வோர் அடியும்
அவள் விலாவைத் தட்டிவிட்டுத்தான்
மண்டபத்துக்குப் போயிருக்கும்.

ஓசையைக் குறைத்தேன்.
டிரம்மில் இருந்த ஹரிவதனன் புருவத்தைத் தூக்கினான்.
தூக்கட்டும்.
பாட்டுக்குப் பாட்டு நான் பார்த்தது கூட்டத்தை அல்ல,
அந்த வாரின் கொக்கியை.
அது அசையவே இல்லை.
அசையாததை இத்தனை நேரம்
நான் எதற்கும் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்கு அவள் அம்மா வந்து
தோளில் போட்டுக்கொண்டு போனாள்,
எங்களை ஒருமுறை முறைத்துவிட்டு.

பெட்டியின் முதுகில் கொஞ்சம் வியர்வை,
எண்ணெய்க் கைத்தடம் ஒன்று, ஐந்து விரலும் தெளிவாக.
சியோங் வெய் துணியை எடுத்தான்.
விடு.
இன்னும் முப்பத்தெட்டுப் படி இருக்கிறது.
முதலில் சின்னதை இறக்கு.