நாற்பத்தொரு நாள்

படிவம் மூன்று பக்கம்.
கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்:
கல்லில் பொறிக்க வேண்டிய இறந்த தேதி,
உறவினர் உறுதி செய்க.

ஏகாம்பரம் காக்கிச் சட்டையோடு வந்திருந்தான்,
ஆரணி பஸ் கண்டக்டர்.
"பத்தரைக்கு வண்டி எடுக்கணும் சார்."

அண்ணன் சஞ்சீவி, சிப்பாய்.
சிங்கப்பூரில் பிடிபட்டு
ஏதோ ஒரு தீவில்
(பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டினேன்)
கால் வீங்கிச் செத்தவன்.
முகாம் ஏட்டில் ஏப்ரல் இரண்டு.
உடனிருந்து திரும்பிய பள்ளிகொண்டா காதர் பாஷா
இல்லை என்கிறார்:
மாசி அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால்.
பிறை பார்த்துத்தான் அங்கே நாள் எண்ணினோம்.
குழி வெட்டியது நான்.

இடையில் நாற்பத்தொரு நாள்.
செத்தவன் பங்குச் சோறு நிற்கக்கூடாதென்று
இருந்தவர்கள் மறைத்திருக்கலாம்.
பாஷாவிடம் நான் அதைக் கேட்கவில்லை.
சர்க்கார் ஏட்டை நம்பியது,
ஏப்ரல் வரைக்கும் சம்பளம் அனுப்பியது.

ராஜா இல்லாத கோட்டை
சாமி இல்லாத கோயில்
தண்ணி இல்லாத ஆறு
என்று இந்த ஊருக்கு ஒரு கேலிக் கணக்கு உண்டு.
என் அலமாரியில் இருப்பவை அதில் சேரவில்லை:
பதினாறு கோப்புகள்,
பிணம் வராத பதினாறு வீடுகள்.

"ரெண்டு தேதிக்கும் பொதுவா
மாளய அமாவாசையில எள்ளு எறைக்கிறோம் சார்.
பாலாத்துல ஊத்து தோண்டித்தான்."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"பாஷா சொன்னதப் போட்டா
பணத்தத் திருப்பிக் கேப்பாங்களா?"

கேட்கமாட்டார்கள் என்றேன்,
எனக்கே நிச்சயமில்லாமல்.

"கொல்லையில கெணறு எடுத்தோம்.
ஏழு உறை எறக்கியும் ஈரம் இல்ல.
அந்தப் பணத்துலதான் எட்டாவது.
அதுலதான் ஊறிச்சு.
போன மாசம் பாஷா வீட்டுக்கு வந்தாரு.
ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சாரு,
குடிச்சிட்டு அழுதாரு.
எதுக்குன்னு சொல்லல.
நானும் கேக்கல."

பேனாவை வாங்கிக்கொண்டான்.
டிக்கெட்டில் எழுதுகிறவன் கை, வேகமான கை,
கட்டத்துக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.
ஏப்ரல் 2.

"இருக்கட்டும் சார்" என்றான்.
எது என்று சொல்லவில்லை.
படியிறங்கும் சத்தம்,
அப்புறம் கீழே எந்த வண்டிக்கோ விசில்.

உறையை ஒட்டினேன்.
முகவரி எழுதும்போது
அந்தத் தீவின் பெயரை
மூன்றாம் முறையும் பார்த்துத்தான் எழுதினேன்.