கடைசிச் சீட்டு

தெலுக் பிளாங்காவில் கப்பல் பட்டறை நின்ற இடத்தில்
ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்.
ஆண்டு, டன், கப்பல் பேர், எல்லாம் சரி.
மூசா கேண்டீன் மட்டும் இல்லை.

சம்பள நாளில் அங்கேதான் சீட்டு.
இருபத்திரண்டு பேர், தலைக்கு ஐம்பது வெள்ளி.
சிகரெட் தாளில் பேர் எழுதி
மைலோ டின்னில் போட்டுக் குலுக்கினால்
எடுப்பது எப்போதும் ஆ லியோங்.
அவன் ஒருவனுக்குத்தான்
தமிழ் படிக்கத் தெரியாது.

பட்டறை துவாசுக்குப் போன மாதம்
டின்னில் மிச்சம் ஒரே பேர்.
இருந்தாலும் குலுக்கினோம்.
ஆ லியோங் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் எடுத்தான்.
வைரக்கண்ணு.
அன்றைக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

ஆயிரத்து நூறு வெள்ளி,
கப்பல் படம் போட்ட பழைய நோட்டுகள்,
என் அலமாரியில் கிடக்கின்றன.
பேங்கில் மாற்றிவிடலாம் என்கிறாள் மகள்.
மாற்றினால் அது என் பணமாகிவிடும்.

நேற்று போய் நின்றேன்.
மூசாவின் அடுப்பு எரிந்த இடத்தில்
அடுக்குமாடிக் காவலரின் கூண்டு.
"யாரைப் பார்க்கணும்?"
சொன்னேன்.
"எத்தனையாவது மாடி?"
தரை, என்றேன்.
விரலால் தேடிப் பார்த்தார்.
அவர் பட்டியலில்
தரைக்கு ஆள் இல்லை.