மயில்துத்தம்

இருபத்திரண்டு பெட்டி பன்னீர் திராட்சை.
லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவிலேயே
டெம்போ முனக ஆரம்பிக்கும்.
ராட்சசக் குழாய்கள் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்க
நாங்கள் ஏறுவோம்.
குமுளி செக்போஸ்ட்டில் ஒரு கொத்து கைமாறும்.
அதற்கு ரசீது கிடையாது.

நவம்பர் கடைசி என்றால்
ரோசாப்பூக்கண்டம் முதல் அட்டப்பள்ளம் வரை
பீங்கான் பரணிகள் வெயிலில் கவிழ்ந்து கிடக்கும்.
ஏலிக்குட்டி டீச்சருக்கு ஆறு பெட்டி.
சுவருக்கு அந்தப்புறம்
கொழுந்தன் குரியாச்சனுக்கு ஆறு.
ஒரே தோட்டம், ஒரே நாள் பறிப்பு.
இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை
வருடத்தில் இந்த வாரம் மட்டும்,
அதுவும் சண்டைக்கு.

கோதுமை போட்டால்தான் வீரியம் என்பார் டீச்சர்.
கோதுமை போட்டால் கஞ்சி என்பார் அவர்.
இருபத்தொரு நாள். இல்லை, நாற்பத்தொன்று.
நிறத்துக்குச் சீனியைக் கருக்கணும்.
நிறம் தோலில் இருக்கு, சட்டியில் இல்லை.
கிராம்பு நாலு.
கிராம்பு பல்வலிக்கு.
கரண்டியை வலப்பக்கமாகக் கிண்டணும்
என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.
ஏனென்று இருவருக்கும் தெரியாது.

இந்த வருடம் மூன்றாவதாக ஒருவன்,
மெல்பர்னிலிருந்து வந்த மருமகன் ரெஞ்சி.
சீனியே கூடாது,
தப்பை மூடுகிற போர்வை அது என்றான்.
ஒரு பழத்தை நசுக்கி மோந்து கண்ணை மூடி
ரோஜா, ஈரமண், கொஞ்சம் பழைய தோல்பை என்றான்.
எனக்கு என் பனியன் ஞாபகம் வந்தது.
"போர்டோ மாதிரி செய்யணும்."

போர்டோ எனக்குத் தெரியும்.
மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ,
தண்ணீர் நூறு லிட்டர்.
பழைய அரிவாளை முக்கிப் பார்க்கணும்,
செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு.
அடித்து முடித்த சாயங்காலம்
என் நகக்கண் நீலம்,
வைரமணி முந்தானை நீலம்,
வாய்க்கால் கரை நாயும் அங்கங்கே நீலம்.
அது ஒரு ஊராம்.
ஆறு ஓடுகிறதாம், கோட்டைகள் இருக்கிறதாம்.
நான் உரக்கடையில் மூட்டையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சண்டை கடைசியில் கழுவுவதில் வந்து நின்றது.
"கழுகருது" என்றார் குரியாச்சன்.
கழுவாதே என்று அர்த்தம்.
முதல் வருடம் அதைக் கேட்டு
கழுகு எங்கே என்று வானத்தைப் பார்த்தவன் நான்.
ரெஞ்சியும் அவர் பக்கம் சாய்ந்தான்.
தோலில் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறதே,
நுரைக்க வைப்பதே அதுதான்,
மண்ணின் கையெழுத்து, கழுவினால் போச்சு.

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.
"சுருளியாண்டி, நீ பற."

அந்த வெள்ளையில் பாதி
அவன் சொன்னது.
மீதி, ஒன்பது நாள் முன்னால்
மூட்டம் போட்ட வானத்தையும்
அடிச்சாம்பலையும் பயந்து
நானே அடித்தது.
இன்னும் பணம் கைக்கு வரவில்லை.

"கழுவலாம்" என்றேன்.
"லாமா, ணுமா?"
முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர்.

"கழுவணும். மூணு தண்ணி."

யாரும் பேசவில்லை.
ரெஞ்சி கையிலிருந்த கொத்தைப் பார்த்தான்.
பாதி காம்புதான் மிச்சம்.
குரியாச்சன் நாலு பெட்டியைத்
திண்டில் தூக்கி வைத்தார், திருப்பி எடுத்துப் போக.
இரண்டை வைத்துக்கொண்டார்.
ஏனென்று கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து பாக்கி வாங்கப் போனேன்.
டீச்சர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் தந்தார்,
பிளாஸ்டர் ஒட்டி எழுதி:
கோதுமை. 21. மூணு தண்ணி.
சுவருக்கு மேலாக இன்னொன்று நீண்டது.
அதில் எழுத்து எதுவும் இல்லை.

டீச்சருடையதை வைரமணி
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.
"புளிச்சுப் போச்சு" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை நீட்டினாள்.
மற்றது பரண்மேல் இருக்கிறது,
மருந்து டேங்குக்குப் பக்கத்தில்.
மூடியை நான் இன்னும் திருகவில்லை.